காற்று ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம்: ஆடி மாதத்தில் முப்பந்தல் முதல் நீண்டகரை வரை

ஆடி மாதத்தில் கடலில் குளிக்கப் போகிறேன் என்றதும் மனைவி சிரித்துவிட்டாள். "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாம், நீங்க எங்க போய் நிக்கப் போறீங்க?" வெயில் இருக்காது, கூட்டம் இருக்காது, லாட்ஜ் வாடகை பாதிதான் என்பது என் கணக்கு. புதிதாக வாங்கிய நீச்சல் டவுசரையும் பையின் அடியில் மடித்து வைத்தேன். மூன்று கணக்கில் வாடகை மட்டும்தான் சொன்னபடி நடந்தது.

ஜூலை 28, 2025, திங்கள் – முப்பந்தல்

மதுரையிலிருந்து வரும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் பறந்தது என் தொப்பி. சாலையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது. நாகர்கோவிலில் இருக்கும் மச்சான் பைக்கோடு காத்திருந்தான். மனைவியின் தம்பி, பள்ளியில் இயற்பியல் வாத்தியார். "விடுங்க அத்தான், அது இந்நேரம் வள்ளியூர் போயிருக்கும்" என்றான்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடத்தில் வாசல் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது ஆரல்வாய்மொழிக் கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று அந்த வாசலில் முண்டியடித்துக்கொண்டு நுழைகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள். எல்லாம் மேற்கே முகம் வைத்துச் சுற்றுகின்றன. ஒன்றின் அடியில் போய் நின்றால், யாரோ பெரிய ஜமக்காளத்தை விடாமல் உதறுகிற மாதிரி சத்தம்.

டீக்கடையில் மேற்குப் பக்கம் முழுக்கத் தகரம் அடித்திருந்தார்கள். டீயை ஏன் தூக்கி ஆற்றாமல் அப்படியே தருகிறீர்கள் என்று கேட்டேன். "இந்த மூணு மாசமும் ஆத்த முடியாது சார். கிளாஸுல பாதி, பக்கத்துல இருக்கிறவர் சட்டையில பாதி." டீ பன்னிரண்டு ரூபாய். சட்டைக்குத் தனியாகக் காசு இல்லை என்றார்.

மச்சான் டீயைக் குடித்துக்கொண்டே ஒரு கேள்வி போட்டான். "இவ்வளவு காத்து கடல் மேல அடிக்குதே அத்தான், கடல் தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

"காற்று போற பக்கம்தான்."

வகுப்பில் தப்பாகப் பதில் சொன்ன பையனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. "நாளைக்குச் சொல்றேன்." ராத்திரி நாகர்கோவிலில் ரசவடை, மட்டிப்பழம். மட்டிப்பழத்தை ஊருக்கு வாங்கிப்போக நினைத்தேன். நாலு நாளில் கருத்துவிடும் என்று உறவுக்கார அம்மா ஒருவர் தடுத்துவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய் – கன்னியாகுமரி

காலை ஏழு மணிக்கே படகுத்துறை வரிசையில் நின்றோம். எட்டுக்குத் திறப்பார்கள் என்றார்கள், அப்புறம் ஒன்பது என்றார்கள். ஒன்பதரைக்கு, கடல் கொந்தளிப்பால் இன்று படகு இல்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவரும், போன வருடக் கடைசியில் இரண்டுக்கும் நடுவே திறந்த கண்ணாடிப் பாலமும் கூப்பிடு தூரத்தில்தான் நின்றன. போகத்தான் முடியவில்லை. எனக்கு முன்னால் நின்ற குஜராத்திக் குடும்பத்தில் பாட்டி ஒருவர் எரிச்சலே படாமல் டப்பாவைத் திறந்து வரிசையில் எல்லோருக்கும் தேப்லா கொடுத்தார். எனக்கு இரண்டு, மிளகாய் ஊறுகாயோடு. இரண்டரை மணி நேரம் நின்றதற்கு அதுதான் கிடைத்தது.

சங்கமத்தில் ஒரு வழிகாட்டி மூன்று கடலுக்கும் மூன்று நிறம் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் ஒரே கலங்கலாகத்தான் தெரிந்தது. மச்சானுக்கு இது பிடிக்காது. "கடலுக்குள்ள வரப்பு கிடையாது அத்தான். ஆனா போக்குவரத்து உண்டு. இந்த சீசன்ல அரபிக்கடல் தண்ணி இலங்கைக்குத் தெற்கால சுத்தி வங்காள விரிகுடாவுக்குப் போகுது. மார்கழியில வந்தா அங்கேருந்து இந்தப் பக்கம் திரும்பி வரும்." வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறும் நீரோட்டம் உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிதாக இல்லை. காற்றே இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புரண்டு படுப்பதுதான் காரணம்.

மதியம் ஒரு சின்ன மெஸ். சாளைப் புளிமுளம் (மத்தி மீன் குழம்பு), மரச்சீனிக்கிழங்கு மசியல், சோறு, 140 ரூபாய். கடைக்கார அம்மா சோறு கேட்காமலே வைத்தார், போதும் என்றாலும் வைத்தார். அங்கேதான் நேற்றைய கேள்விக்குப் பாடம் நடந்தது. பரிமாறும் மேசையில் நறுக்கி அடுக்கியிருந்த வாழையிலைத் துண்டுகளில் ஆறேழை மச்சான் எடுத்துத் தன் முன்னால் அடுக்கினான். இலைகள் ஈரமாக இருந்தன.

"இதுதான் கடல். மேல் இலைதான் கடலோட மேல்தோல்." மேல் இலையை ஒரு விரலால் நேராகத் தள்ளினான். ஈரத்தில் ஒட்டியிருந்த அடுத்த இலையும் கொஞ்சம் நகர்ந்தது, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். "காத்து தொடுறது மேல் இலையை மட்டும்தான். மத்ததெல்லாம் மேல இருக்கிறது இழுக்கிறதால போகுது. இப்போ பூமி சுத்துறதைச் சேருங்க." மறுபடி மேல் இலையைத் தள்ளும்போது அதைச் சற்றே வலப்பக்கம் திருப்பினான். இரண்டாவதை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, மூன்றாவதை இன்னும் அதிகமாக. அடுக்கு சுழல்படி மாதிரி விரிந்து நின்றது. கடைக்கார அம்மா இலையை வைத்து என்ன விளையாட்டு என்பது போலப் பார்த்தார்.

ஏன் வலப்பக்கம்? திருவிழா ராட்டினத்தில் உட்கார்ந்து எதிரே இருப்பவனுக்குப் பந்து போட்டால் பந்து அவன் கைக்குப் போகாது. பந்து நேராகத்தான் போகிறது, அதற்குள் நாம் நகர்ந்துவிடுகிறோம். நமக்குப் பந்து வளைந்த மாதிரி தெரியும். பூமியும் ஒரு ராட்டினம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிற நமக்கு, நகர்வதெல்லாம் வலப்பக்கம் ஒதுங்கும். தெற்கே இருப்பவர்களுக்கு இடப்பக்கம். சரியாக நிலநடுக்கோட்டில் ஒதுக்கமே கிடையாது. கணக்குப்படி கடலின் மேல்தோல் காற்றிலிருந்து 45 டிகிரி விலகும். அடுக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் நீர் மொத்தமாக நகர்வது காற்றுக்கு நேர் குறுக்கே, வலது கைப் பக்கம்.

லாட்ஜில் முகம் கழுவும் தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதைக் காட்டி, இதுவும் பூமி சுற்றுவதால்தானே என்றேன். புத்திசாலித்தனமாகக் கேட்டதாக நினைப்பு. "அது தொட்டி செஞ்ச கொத்தனாரால" என்றான். நிலநடுக்கோட்டுக்கு எட்டு டிகிரி வடக்கே இருக்கும் குமரியில் இந்தத் திருப்பம் ரொம்ப மெதுவாம். தள்ளிவிட்ட நீர் தன்போக்கில் ஒரு முழு வட்டம் வர மூன்றரை நாள் ஆகும். தொட்டி அரை நிமிடத்தில் காலி. ஒரு காற்று நாள்கணக்கில் ஒரே பக்கமாக அடித்தால்தான் கடலுக்குப் பூமி சுற்றுவது உறைக்கும். இந்தக் காற்று நாலு மாதம் அடிக்கிறது.

சூரிய அஸ்தமனம் இல்லை. மேகத்துக்குப் பின்னால் எங்கேயோ நடந்திருக்கும்.

ஜூலை 30, புதன் – முட்டம், குளச்சல்

இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள் இதுதான். மழையில் இரண்டு தடவை நனைந்தோம், பைக் ஒரு தடவை நின்றது, ஆனாலும்.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைமேல் மச்சான் என்னை நிறுத்தினான். "காத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்க." நின்றேன். வடமேற்கிலிருந்து வந்த காற்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. "இடது கைப்பக்கம் என்ன இருக்கு?" கரை. தென்னந்தோப்பு, மாதா கோவில். "வலது கைப்பக்கம்?" திறந்த கடல். "அவ்வளவுதான் பாடம். காத்து கரையோரமா அடிக்குது. மேல்தண்ணி வலது கைப்பக்கம் போகுது, அதாவது கரையை விட்டு. போன இடம் காலியா இருக்க முடியுமா? அடியிலேருந்து தண்ணி ஏறி வருது. அடித்தண்ணி குளிரும்."

நம்பாமல் பார்த்தேன். அவன் பையிலிருந்து பள்ளி ஆய்வகத் தெர்மாமீட்டரை எடுத்தான்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் நாட்டுப்படகுகள் மட்டும்தான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வள்ளம் அப்போதுதான் கரை ஏறியது. வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டோம், சிரித்துக்கொண்டே ஒரு வாளியில் கடல் தண்ணீரை மொண்டு தந்தார். சிவப்புக்கோடு இறங்கி இறங்கி 24-ல் நின்றது. காலையில் லாட்ஜ் குழாய்த் தண்ணீரே 27. மே மாதம் பிள்ளைகளைக் கூட்டி வந்தபோது இதே கடல் 30 காட்டியதாம். வெயில் குறைந்ததும் மழையும் கொஞ்சம் காரணம்தான், ஆனால் ஆறு டிகிரி இறங்க அது போதாது என்றான்.

பெரியவருக்குத் தெர்மாமீட்டர் வேடிக்கையாக இருந்தது. "இதுக்குக் கண்ணாடிக் குழல் எதுக்கு மக்கா? வலை இழுக்கையில கையே சொல்லும். கடல் தணுத்துக் கெடந்தாத்தான் சாளை கரைக்கு அடுக்கும்." கூடையைச் சாய்த்துக் காட்டினார். விரல் நீளச் சாளைகள், முதுகு நீலம், வயிறு வெள்ளி. கையை உள்ளே விட்டேன், ஐஸ் எதுவும் போடாமலே சில்லென்றிருந்தது. செதில்கள் மணிக்கட்டு வரை ஒட்டிக்கொண்டன. சாயங்காலம் வரை போகவில்லை.

அவர் கை சொன்னதும் மச்சான் கணக்கு சொன்னதும் ஒன்றுதான். அடியிலிருந்து ஏறி வரும் நீரில், செத்து மூழ்கிய உயிர்களின் சத்தெல்லாம் உரம் மாதிரி கரைந்திருக்கும். வெளிச்சம் படும் இடத்துக்கு அது வந்ததும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகும், அதைத் தின்னச் சாளை வரும், சாளையைத் தின்னப் பெரிய மீன்கள் வரும். சொறியும், அதாவது ஜெல்லிமீனும் வரும். அதையும் பார்த்தோம், மணலில் சோற்றுக்கஞ்சி உறைந்த மாதிரி கிடந்தது. பெரியவர் தொடாதே என்றார். இந்தக் குளிர் முதலில் குமரி, கொல்லம் பக்கம் தொடங்கி, மழைக்காலம் போகப் போக வடக்கே நகருமாம். சோமாலியா, ஓமன் கரைகளில் இதே பருவக்காற்று இதைவிட அதிக வேகத்தோடு இதே வேலையைச் செய்கிறது.

குளச்சல் போகும் வழியில் மணலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மின்னியது. ஜவ்வரிசி என்று நினைத்துக் குனிந்தேன். பிளாஸ்டிக் மணி. மே 25-ஆம் தேதி கேரளக் கரைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கண்டெய்னர்களோடு மூழ்கியதே, அதிலிருந்து சிதறியவை. சில நாளில் குமரிக் கரை வரை வந்துவிட்டன. இரண்டு மாதமாகப் பொறுக்குகிறார்கள், இன்னும் மணலைக் கிளறினால் வருகிறது. அரைமணி நேரத்தில் ஒரு கைக்குட்டை நிறையப் பொறுக்கினேன், அந்த இடம் அப்படியேதான் இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். தண்ணீர் கரையை விட்டுப் போகிறது என்றால் இந்த மணிகள் எப்படிக் கரையோரமாகவே தெற்கே வந்தன? மச்சான் பைக்கை நிறுத்திவிட்டே பதில் சொன்னான், கேள்வி பிடித்துவிட்டது போல. மேல்தண்ணீர் வெளியே போவதால் கரையோரத்தில் கடல் மட்டம் ஒரு துளி தாழ்ந்துவிடுகிறது. சில அங்குலம்தான், கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோள் அளக்கும். பள்ளத்தைப் பார்த்தால் தண்ணீர் திரும்பி வரத்தானே பார்க்கும்? வரும்போது அதையும் பூமி வலப்பக்கம் திருப்புகிறது. கரையை நோக்கி வருகிற நீருக்கு வலப்பக்கம் தெற்கு. ஆகவே கரையோரமாகத் தெற்கே ஓர் ஓட்டம். கொச்சிப் பக்கம் விழுந்தது குமரிக்கு வருவதற்கு அதுதான் பாதை. மிதக்கிற பொருளைக் காற்றும் அலையும் நேரடியாகவும் தள்ளும், அதனால் கடைசிக் கொஞ்சத் தூரத்தை அலை பார்த்துக்கொள்கிறது.

குளச்சலில் டச்சுக்காரர்களை 1741-ல் தோற்கடித்ததற்கான வெற்றித்தூண் இருக்கிறது. மழையில் ஓடிப்போய்ப் பார்த்தோம், ஓடி வந்தோம். சுக்குக்காப்பி 15 ரூபாய்.

ஜூலை 31, வியாழன் – கோவளம், அப்புறம் நீண்டகரை

கேரளக் கோவளத்தில் சிவப்புக்கொடி. டவுசர் போட்டுக்கொண்டு தயாராகத்தான் நின்றேன், மேலே வேட்டி. முழங்கால் வரை இறங்கியதும் விசில். கடற்கரைக் காவலர் கையைக் காட்டி, "மதி சேட்டா, மதி" என்றார். போதும் என்று அர்த்தம். முழங்காலுக்கே நடுக்கம் எடுத்திருந்ததால் நானும் மறுக்கவில்லை. டவுசர் நனையவில்லை. மச்சான் இன்னொரு தடவை அளக்கப் போய்ப் பாறையில் வழுக்கித் தெர்மாமீட்டரை உடைத்தான். 180 ரூபாய். உள்ளே இருந்தது சாராயம்தான், பாதரசம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதில் அரைமணி நேரம் போனது.

சாயங்காலம் கொல்லம் பஸ். நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலை, கொட்டுகிற மழை, ஆற்றிங்ஙலுக்கு அப்புறம் வண்டி நகரவே இல்லை. ஒன்றரை மணி நேரம் ஒரே இடம். எங்கள் ஜன்னலுக்கு ஷட்டர் பாதிக்குமேல் இறங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் தன் குடையை ஜன்னலில் விரித்துப் பிடித்துக்கொண்டார், எங்களுக்கும் சேர்த்து. ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது தலையை மட்டும் ஆட்டினார்.

அப்படி மாட்டிக்கொண்டபோதுதான் நான்சென் கதை வந்தது. நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சென், 1893-ல் ஃபிராம் என்ற கப்பலை வேண்டுமென்றே வடதுருவப் பனியில் உறையவிட்டார். பனியோடு சேர்ந்து நீரோட்டம் எங்கே கொண்டு போகிறது என்று பார்க்க. மூன்று வருடம் கழித்து 1896-ல்தான் கப்பல் பனியை விட்டு வெளியே வந்தது. போகிற வழியெல்லாம் காற்றையும் பனி நகர்ந்த திசையையும் குறித்து வைத்ததில், பனி ஒருபோதும் காற்றின் வழியே போகவில்லை, 20 முதல் 40 டிகிரி வரை வலப்பக்கம் விலகியே போனது. பூமி சுற்றுவதுதான் காரணம் என்று அவரே ஊகித்துவிட்டார். கணக்குப் போட்டு நிறுவியது சுவீடன்காரர் வாக்ன் வால்ஃபிரிட் எக்மன், 1905-ல். மெஸ்ஸில் மச்சான் விரித்த வாழையிலை அடுக்குக்கு உலகம் முழுக்க எக்மன் சுருள் என்றுதான் பெயர். "அவங்க மூணு வருஷம் உறைஞ்சு கிடந்தாங்க, நீங்க ஒன்றரை மணி நேரத்துக்குப் புலம்புறீங்க" என்றான். கப்பலில் சாப்பாடு இருந்திருக்கும் என்றேன். எங்களிடம் ஒரு பாக்கெட் ஏத்தங்காய் சிப்ஸ், அதுவும் நமத்தது.

நீண்டகரைக்குப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் இடம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கிய 52 நாள் இழுவலைத் தடை இன்று நள்ளிரவோடு முடிகிறது. பாலத்தின் தூண்களுக்கு நடுவே சங்கிலி கட்டி வழியை அடைத்திருப்பார்கள், அதை அவிழ்த்தால்தான் படகுகள் கடலுக்குப் போக முடியும். உள்ளே காயலில் விளக்கு போட்டுப் படகுகள் ஒன்றோடொன்று உரசி நின்றன, ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீசல் வாடை. கட்டன் சாயா குடிக்கப் போன கடையில் நாலு பேர் தமிழ் பேசினார்கள், குளச்சல்காரர்கள். ஒவ்வொரு வருடமும் இந்த ராத்திரிக்கு வந்துவிடுவார்களாம். ஒருவர் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார், நான் பையைத் திறப்பதற்குள்.

இந்தத் துறையில் விசைப்படகு வந்த கதையும் நார்வேக்காரர்களோடு சேர்ந்ததுதான். 1953-ல் இந்தோ–நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது இதே நீண்டகரையில். மச்சானுக்கே இது தெரியாது. கடைக்காரர் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பன்னிரண்டுக்குச் சங்கிலி இறங்கியது. பட்டாசு, ஹாரன், யாரோ கற்பூரம் காட்டினார்கள், யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். முதல் படகு வாயைத் தாண்டியதும் அலையில் மூக்கைத் தூக்கி, இறங்கி, மறுபடி தூக்கியது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று. விளக்குகள் வரிசையாகப் போய் மழைக்குள் மங்கின. காற்று எங்கள் வலது கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி – கொல்லம், மதுரை

மூன்று மணி நேரத் தூக்கம். காலையில் முதல் படகுகள் திரும்பியிருந்தன. கரிக்காடி இறால் குவியல் குவியலாக, கிளிமீன் கூடை கூடையாக. நம் ஊரில் அதை சங்கரா என்பார்கள். ஏலம் கேட்பவர்களின் மலையாளத்தில் எண்கள் மட்டும்தான் பிடிபட்டன. கப்பையும் மீன்கறியும் 90 ரூபாய், கறி காரம் அதிகம், குடம்புளி நாக்கிலேயே நின்றது.

ரயில் புனலூர் தாண்டி பதிமூணு கண் பாலத்தின் மேல் போகிறவரை மழை. செங்கோட்டை வந்ததும் வெயில், வறண்ட காற்று. தென்காசியில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார், மூக்கைச் சுருக்கினார், பையைப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மூன்று நாளாகக் கழுவிய கையில் இன்னும் சாளை வாசம்.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினோம். "கடல்ல குளிச்சீங்களா?" என்றாள் மனைவி. பஸ் ஜன்னல் வழியாக வந்த மழை பையின் அடி வரை இறங்கியிருந்தது. டவுசரை எடுத்துப் பிழிந்தாள், சொட்டியது. "குளிச்சிருக்கீங்க" என்று கொடியில் போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.